67 வயது அம்மா தனுஷ்கோடியில் ஒருநாள் நடைப்பயணம் போகலாமா?

தாராளமாகப் போகட்டும் தம்பி. தோழிகளோடு பூநாரைச் சரணாலயப் பக்கம் நடக்க ஆசைப்படுகிறார், மணலும் வெயிலும் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியூரில் இருந்துகொண்டு கவலைப்படுகிறீர்கள் போல. என் மகனும் அப்படித்தான். நான் கிராமச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள், ராமநாதபுரத்துக்காரி. எங்கள் ஊர் ஓய்வூதியர்கள் சிலர் தை மாதத்தில் அந்தக் கரையில் நடப்பது வழக்கம்.

முதல் தடவை ஓர் ஏற்பாட்டாளர் மூலம் போனோம். இடிந்த தேவாலயத்திலிருந்து, நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கூட வந்த பையன் விறுவிறுவென்று முன்னால் போய் நின்று காத்திருப்பான். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவான். வேகமாக நடந்தவர்களுக்கு ஓய்வு கிடைத்தது. மெதுவாக வந்தவர்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. எங்களில் மூத்தவர் பரமக்குடி அக்கா. 1964 டிசம்பர் புயல் ஊரை அழிப்பதற்கு முன்பு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடிக்கு வந்து இறங்கியவர். தேவாலயத்தின் பவளக்கல் சுவரைத் தடவிக்கொண்டு கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டார். “பாட்டி, உங்களால முடியாது, வேன்ல போய் உக்காருங்க” என்றான் அந்தப் பையன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “முடியுமா முடியாதா என்று அக்காவைக் கேள்” என்றேன். அதன்பிறகு அக்காவை முன்னால் விட்டு, நாங்கள் அவர் பின்னால் நடந்தோம். அவர் நின்றால் எல்லோரும் நின்றோம். முனை வரை வந்துவிட்டார். பாக் விரிகுடாப் பக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்வதை அப்படி நின்று நின்றுதான் பார்த்தோம். கிட்டே போகாமல் தூரத்திலேயே நின்றதால் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

“வயதானவர்களை உசுப்பிவிடாதே, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு” என்று சிலர் கீழே எழுதுவீர்கள். இதய நோய், மூட்டு அறுவை சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். நீர் மாத்திரை போடுகிறவர்கள் அன்றைக்கு அதை எப்போது போடுவது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வழியில் கழிப்பறை இருக்காதே என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். முட்டிவலியை விட எனக்கு அதுதான் பயம். தார்ச்சாலை இரண்டு கடலுக்கும் நடுவே முனை வரை போகிறது. வேன் கூடவே வந்தால் யாரும் எந்த இடத்திலும் ஏறிக்கொள்ளலாம், கழிப்பறைக்கும் திரும்பிப் போய் வரலாம்.

மரநிழல் என்று எதுவும் இல்லை, அதனால் விடிந்ததும் தொடங்கிவிடுங்கள். ஈர மணலில் நடப்பது லேசு. ஆனால் ஆண்கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் கரை சரிவாக இருக்கும். ஒரே கால் தாழ்ந்து தாழ்ந்து இடுப்பு வலிக்கும். அவ்வப்போது மேலே ஏறிச் சமமான இடத்தில் நடக்கச் சொல்லுங்கள். மேட்டில் ராவணன் மீசை என்கிற முட்புல் குத்தும், செருப்பைக் கழற்ற வேண்டாம். முனையில் நீரோட்டம் மோசம், கால் நனைக்கக்கூட இறங்கக் கூடாது. வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, போன மாதம் ஒரு வங்கிக்கு உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கப் போனேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், துணைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையனிடம், “பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?” என்கிறார்கள். முப்பது வருடம் பிறப்புப் பதிவேடு எழுதிய கை இது. அந்தக் கணக்கை மூடிவிட்டுத்தான் வந்தேன்.

சரி, உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நீங்களே தேதி முடிவு செய்யாமல் அவரிடம் கேளுங்கள். பங்குனி வெயில் வருவதற்குள் போய்விடட்டும். மணலில் இவ்வளவு தூரம் வேண்டாம் என்று அவரே சொன்னால் தொண்டிப் பக்கம் காரங்காடு இருக்கிறது, அங்கே அலையாத்திக் காட்டைப் படகிலேயே சுற்றிப் பார்க்கலாம்.