பிகேபி காலக் காற்றும் இன்றைய சாலைப் புகையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

2020 மார்ச் 18இல் மலேசியாவில் பிகேபி எனும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் சாலைகள் காலியாகின. அந்த அளவுக்கு ஐபியு இறங்கவில்லையே, ஏன்? (பிரிக்பீல்ட்ஸ்)

ஐபியு எனும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு எல்லா மாசுகளின் சராசரி அல்ல. ஆறு மாசுகளுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டு, எது அதிகமோ அதையே அறிவிக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் அது பிஎம் 2.5 நுண்துகள்தான். அதில் வாகனப் புகையோடு ஆலைப் புகை, குப்பை எரிப்பு, காட்டுத் தீ, காற்றிலேயே வாயுக்கள் சேர்ந்து உருவாகும் துகள் எல்லாம் அடக்கம். மேலும் துகள் அளவை 24 மணி நேரச் சராசரியாக எடுப்பதால் மாற்றம் மெதுவாகவே தெரியும்.

வாகனத்தின் பங்கை அறிய நைட்ரஜன் டை ஆக்சைடைப் பாருங்கள். வெயிலில் சில மணி நேரமே தங்கும் வாயு அது. வண்டிகள் நின்றால் உடனே இறங்கும், ஓடத் தொடங்கினால் உடனே ஏறும்.

ஒப்பிடும்போது முந்தைய ஆண்டுகளின் அதே மாதத்தை எடுங்கள். 2019 செப்டம்பர் புகைமூட்டத்தோடு ஒப்பிட்டால் எந்த மாதமும் சுத்தமாகத்தான் தெரியும். மார்ச், ஏப்ரலில் மாலை இடிமழை துகளைக் கழுவிவிடும். மழை நாட்களைப் பிரிக்காவிட்டால் மழை செய்த வேலையும் பிகேபி கணக்கில் சேர்ந்துவிடும்.

வண்டி குறைந்தும் பல நகரங்களில் ஓசோன் கூடியதாமே? (செந்தூல்)

உண்மை. புகைக்குழாயிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு பக்கத்திலுள்ள ஓசோனை அழிக்கும். அது குறைந்ததால் ஓசோன் மிஞ்சியது. பெட்ரோல் ஆவியும் வெயிலில் ஓசோன் உருவாக உதவுகிறது. ஆகவே அதையும் சேர்த்தே குறைக்க வேண்டும். எண்ணெய் நிலையத்தில் பம்ப் தானாக நின்றபின் மேலும் ஊற்றாதீர்கள்.

ஃபெடரல் நெடுஞ்சாலையோர அடுக்குமாடி வீடு. சன்னலை எப்போது திறப்பது? (பெட்டாலிங் ஜெயா)

காலை 7 முதல் 9 வரையும் மாலை நெரிசலிலும் மூடுங்கள். விடியலில் காற்று மேலெழாமல் தரையோடு தங்குவதால் புகையும் தங்கும். முற்பகல் 10க்கு மேல், அல்லது மழை விட்டதும், சாலைக்கு எதிர்ப்பக்கச் சன்னலைத் திறங்கள். வெயில் உச்சத்தில் ஓசோன் கூடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அப்போது மூடிவைப்பது நல்லது.

செபராங் ஜெயா நிலையத்தின் ஐபியு எண் ஜார்ஜ்டவுனுக்குப் பொருந்துமா? (பினாங்கு)

பொருந்தாது. செபராங் ஜெயா பெருநிலத்தில் உள்ளது. தீவிலுள்ள மிண்டன் நிலையத்தைப் பாருங்கள். தீவின் இன்னொரு நிலையமான பாலிக் புலாவ், மலைக்கு அப்பால் உள்ளது. எந்த நிலையமானாலும் சாலையோரத்தில் நீங்கள் சுவாசிப்பது அதைவிட மோசமாக இருக்கும்.

தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். முகக்கவசம் உதவுமா? (செராஸ்)

முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 துகளைத் தடுக்கும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். துணிக் கவசம் நுண்துகளுக்குப் போதாது. வாயுக்களை இரண்டுமே தடுக்காது. சமிக்ஞை விளக்கில் லாரிக்குப் பின்னால் நிற்காமல் தள்ளி நில்லுங்கள். நெரிசலுக்கு முன்பே போகும்படி பயண நேரத்தை அரை மணி முன்னே நகர்த்த முடிந்தால், அதுவும் உதவும்.