விரிந்தன

வணக்கம் ஐயா. மார்கழியில் எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சொற்பொழிவு கேட்டேன். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் 'நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன' என்று மாணிக்கவாசகர் பாடியது பிரபஞ்சம் விரிவடைவதைத்தான், விஞ்ஞானம் இப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்றார் பேச்சாளர். சிலிர்த்துப் போய் வீட்டில் சொன்னால், புதுச்சேரியில் இயற்பியல் படிக்கும் மகன் சிரிக்கிறான். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி சிரிக்காமல் சொல்லியிருக்கலாம். மற்றபடி நான் அவர் பக்கம்தான்.

அந்த வரியில் 'விரிந்தன' என்பது அண்டங்கள் கணக்கில்லாமல் பரந்து கிடப்பதைச் சொல்கிறது. இயற்பியல் சொல்லும் விரிவு வேறு. இட்லி மாவு பொங்கும்போது உள்ளே கிடக்கும் வெந்தயங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுமே, அதுபோல விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே உள்ள வெளிதான் வளர்கிறது. 1927இல் இதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து எடுத்துக்காட்டிய லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1929இல் வானியலாளர் ஹபிள் வெளியிட்ட அளவுகள் அதற்கு வலு சேர்த்தன. ஆனால் அந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் பிரபஞ்சத்துக்கு 200 கோடி வயதுதான் வந்தது. பூமிக்கே 450 கோடி! இன்றைய கணக்கு 1,380 கோடி.

சரி, பேச்சாளர் வழியிலேயே போய்ப் பார்ப்போம். 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் என்ற மூன்று விஞ்ஞானிகள் பிரபஞ்சத்துக்கு வேறொரு மாதிரியை வைத்தார்கள். (இந்தப் பாண்டி நம் ஊர் இல்லை, ஆள் பெயர்.) அதிலும் பிரபஞ்சம் விரியும், ஆனால் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. திருவெம்பாவையை எடுங்கள்: 'ஆதியும் அந்தமும் இல்லா'. அதையும் பாடியவர் மாணிக்கவாசகர்தான். இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்த மாதிரிக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. 1965இல் பெருவெடிப்பின், அதாவது பிரபஞ்சம் சூடாகவும் அடர்த்தியாகவும் தொடங்கியதன், மிச்ச வெப்பமான நுண்ணலைக் கதிர்வீச்சு தெரியவந்ததும் அந்த மாதிரி படுத்துவிட்டது. அப்போது மாணிக்கவாசகரும் சேர்ந்து தோற்றுவிட்டார் என்று சொல்வோமா?

லெமெய்த்ருக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், புதிய வானியல் படைப்புக்குச் சாட்சி சொல்வதுபோலப் பேசியபோது அவர் மகிழவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதில் உறுதியாக இருந்தார். தினமும் ஜெபம் செய்த மனிதர் அவர்.

எனக்கு வருத்தம் வேறு. பேச்சாளர் 'விரிந்தன'வோடு நிறுத்திவிட்டார். பாட்டு அங்கே நிற்கவில்லை. 'இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய' என்று அடுத்த அடி. வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்குமே தூசு, அத்தனை அண்டமும் அதுபோலச் சிறிதாகும்படி சிவன் பெரியோன் என்கிறார். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடிகளை அடுக்கியது இந்தத் தூசுக்கு வருவதற்குத்தான். தம்பி ஊருக்கு வரும்போது அந்த அடியையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். அதற்குச் சிரிப்பாரா என்று எழுதுங்கள்.