இலையுதிர் காலக் கேள்வி பதில்: பூசணிப் படகு, கம்பளிப்பூச்சிப் பந்தயம், இன்னும் சில

செப்டம்பர் பிறந்துவிட்டால் போதும், மரத்தையும் பூச்சியையும் பற்றிய கேள்விகள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். மரம் பராமரிப்பதுதான் என் தொழில். இந்தப் பருவத்தில் அங்கங்கே நடக்கும் விசித்திரமான போட்டிகளைப் பற்றித் தேடிப் படிப்பதில் அப்படி ஓர் ஆசை. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எங்கள் தெரு மேப்பிள் மரம் ஒரு வருடம் ரத்தச் சிவப்பாக நிற்கிறது, அடுத்த வருடம் மங்கிப்போய்விடுகிறது. ஏன் இப்படி?

மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காரணம் வேறு வேறு. மஞ்சள் நிறத்தைத் தரும் கரோட்டினாய்டு கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் அதை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையில் இருக்கும் சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். மறைப்பு போனதும் மஞ்சள் தெரிகிறது. அதனால் மஞ்சள் வருடா வருடம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

சிவப்பு அப்படியில்லை. ஆந்தோசயனின் என்ற நிறமியை அந்த நேரத்தில்தான் இலை புதிதாகத் தயாரிக்கிறது. அதற்குச் சர்க்கரை வேண்டும். பகலில் நல்ல வெயில் அடித்தால் சர்க்கரை நிறைய உருவாகும். இரவு குளிர்ந்தால் அது இலையிலேயே தங்கும். ஆனால் உறைபனி அளவுக்குக் குளிரக் கூடாது. இந்த இரண்டும் ஒரு வாரம் சேர்ந்து அமைந்தால் தெருவே பற்றி எரிவதுபோல இருக்கும். வானம் மூடிக்கிடந்து இரவும் வெதுவெதுப்பாக இருந்தால் நிறம் எடுக்காது. கோடையில் கடும் வறட்சி என்றால் சில இலைகள் சிவக்கும் முன்பே கருகி விழுந்துவிடும்.

இன்னொன்று செய்து பாருங்கள். நிறம் மாறிய இலையின் காம்பைப் பிடித்து மெல்லக் கீழே அழுத்துங்கள். உதிரத் தயாரான இலை டக்கென்று கையோடு வந்துவிடும். அது இருந்த இடத்தில் சின்னத் தழும்பு தெரியும். அதில் புள்ளி புள்ளியாக இருப்பவை இலைக்குத் தண்ணீர் போய்வந்த குழாய்களின் தடம். தழும்புக்கு மேலேயே, இறுக மூடியபடி, வசந்தத்துக்கான மொட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

பக்கத்து வீட்டு பீச் மரத்தில் இலை காய்ந்து பழுப்பாகிவிட்டது, ஆனால் உதிரவே இல்லை. மரம் செத்துவிட்டதா?

இல்லை. பீச், ஓக் மரங்களில், அதிலும் இளம் மரங்களில், காய்ந்த இலை குளிர்காலம் முழுக்கத் தொங்குவது சகஜம். சந்தேகமாக இருந்தால் சிறு கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. அதேபோல் லார்ச் என்ற ஊசியிலை மரம் இந்தப் பருவத்தில் மஞ்சளாகி மொத்த ஊசிகளையும் கொட்டிவிடும். செத்துவிட்டது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்!

கொழுத்த கரடிக்கு ஓட்டுப் போடச் சொல்லி நண்பர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். ஏமாற்று வேலையா?

உண்மைதான், தாராளமாகப் போடுங்கள். அலாஸ்காவில் உள்ள காட்மாய் தேசியப் பூங்காவில், ப்ரூக்ஸ் ஆற்றங்கரைக் கரடிகளுக்குள் நடக்கும் போட்டி அது. 2014இல் ஒரு நாள் விளையாட்டாகத் தொடங்கி, அடுத்த வருடமே ஒரு வாரமாக வளர்ந்தது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் வரும். கோடைத் தொடக்கத்தில் மெலிந்து கிடந்த கரடியின் படத்தையும், சால்மன் மீன் தின்று உருண்டு திரண்ட பின் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஓட்டுப் போடலாம்.

கொழுப்பைக் கொண்டாடுவதில் அர்த்தம் இருக்கிறது. குளிர்கால உறக்கத்தில் கரடி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். கொழுக்காத கரடிக்கு வசந்தம் உறுதியில்லை. 480ஆம் எண் கொண்ட ஓட்டிஸ் என்ற கரடி 4 முறை வென்றது. தேய்ந்துபோன பற்களோடு, ஒரே இடத்தில் பொறுமையாக உட்கார்ந்து மீன் பிடித்த கிழக்கரடி. 2023, 2024 இரண்டு வருடமும் கிரேஸர் என்ற தாய்க்கரடி வென்றது. 2025இல் வென்ற சங்க் என்ற ஆண் கரடி, தாடை உடைந்த நிலையிலும் அந்த உடம்பைத் தேற்றியிருந்தது. படங்களை நிதானமாகப் பாருங்கள். ஒரு கோடைக்கால உழைப்பு அப்படியே தெரியும்.

பூசணிக்காய்க்குள் உட்கார்ந்து துடுப்புப் போடுவது நிஜமா? மூழ்காதா?

மூழ்காது. பெரிய பூசணியின் உள்ளே நிறைய வெற்றிடம் இருப்பதால் மிதக்கும். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்து வின்ட்சர் ஊரில் 1999இல் இந்தப் படகுப் போட்டி தொடங்கியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டுவாலட்டின் ஊரிலும், ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் பூசணித் திருவிழாவிலும் நடக்கிறது. பூசணியை முதலில் அப்படியே தண்ணீரில் விட்டு, எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அங்கேதான் வாய் வெட்ட வேண்டும். கண்ட இடத்தில் வெட்டினால் ஆளோடு கவிழும்.

எவ்வளவு பெரிதாகக் காய்க்கும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2023இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் எடை போட்ட பூசணி 1,247 கிலோ. 2025இல் இங்கிலாந்தில் வளர்ந்த ஒன்று 1,278 கிலோவைத் தொட்டு அதையும் முந்திவிட்டது.

ஹாலோவீனுக்குச் செதுக்கும் பூசணி மூன்றே நாளில் பூஞ்சை பிடித்துத் தொங்கிவிடுகிறது. என்ன செய்யலாம் அக்கா?

முதலில், சீக்கிரம் செதுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்னால் செதுக்கினால் போதும். மேல்மூடியை வெட்டுவதற்குப் பதிலாக அடியில் வெட்டித் திறந்தால், காம்பு இருக்கும் மேல்பகுதி உறுதியாக நின்று, முகம் உள்ளே குழியாமல் இருக்கும். நாரையும் விதையையும் கரண்டியால் ஒட்டச் சுரண்டி எடுங்கள். பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும். வெட்டிய ஓரங்களில் வாசலின் தடவினால் காய்ந்து சுருங்குவது தள்ளிப்போகும். மெழுகுவத்திக்குப் பதில் சின்ன எல்இடி விளக்கு வையுங்கள். சூடு பூசணியை உள்ளிருந்து வேகவைக்கிறது. உறைபனி இரவென்றால் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். உறைந்து உருகினால் கொழகொழவென்று ஆகிவிடும்.

பிள்ளைகள் பூங்காவில் பொறுக்கி வந்த செஸ்ட்நட்டை வறுத்துத் தரலாமா?

பொறுங்கள், அது எந்த செஸ்ட்நட் என்று முதலில் பாருங்கள். பூங்காக்களில் அதிகம் நிற்பது ஹார்ஸ் செஸ்ட்நட். அது நஞ்சு, வறுத்தாலும் ஆகாது. தின்னக்கூடியது வேறு மரம்.

கொட்டையைக் கையில் எடுங்கள். தின்னக்கூடிய கொட்டையின் நுனி கூராகி, அதில் சின்னக் குஞ்சம் போல மயிர் நீண்டிருக்கும். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஹார்ஸ் செஸ்ட்நட் உருண்டையாக, மெருகு போட்டதுபோல் மின்னும், கூர் நுனியே கிடையாது. மேலோடு கிடைத்தால் இன்னும் சுலபம். தின்னக்கூடியதன் ஓட்டில் ஊசி ஊசியாக, விரல் வைக்க இடமில்லாமல் முள் அடர்ந்திருக்கும். மற்றதில் குட்டை முட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். மரத்தடியில் கிடக்கும் இலையையும் பாருங்கள். கைவிரல்களை விரித்ததுபோல் ஐந்து, ஏழு சிற்றிலைகள் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் ஹார்ஸ் செஸ்ட்நட். ஒற்றை இலையாக நீண்டு, ஓரம் ரம்பம்போல் இருந்தால் தின்னலாம்.

அதற்காக ஹார்ஸ் செஸ்ட்நட்டைத் தூக்கி எறிய வேண்டாம், நூலில் கோத்து விளையாடக் கொடுங்கள். ஒருவர் தன் கொட்டையைத் தொங்கவிட்டுப் பிடிக்க, மற்றவர் தன் கொட்டையால் வீசி அடிக்க, எது உடைகிறதோ அது தோற்றது. இதற்கு உலகப் போட்டியே இருக்கிறது. 1965இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், மோசமான வானிலையால் மீன் பிடிக்கப் போக முடியாத நண்பர்கள் சிலர் பொழுதுபோக்காக ஆரம்பித்தது. இன்றும் அக்டோபரில் நடக்கிறது.

இந்தக் கொட்டையை வீட்டு மூலையில் வைத்தால் சிலந்தி வராது என்று சிலர் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. இந்த நாட்களில் நீங்கள் பார்க்கும் பெரிய சிலந்திகள் பெரும்பாலும் துணை தேடி அலையும் ஆண்கள். சில வாரத்தில் அலைச்சல் தானே ஓயும்.

கம்பளிப்பூச்சியைப் பார்த்து குளிர் எப்படி இருக்கும் என்று சொல்கிறார்களாமே?

வட அமெரிக்காவில் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. இரண்டு முனையும் கறுப்பு, நடுவில் செம்பழுப்புப் பட்டை கொண்ட கம்பளிப்பூச்சி அது. பட்டை குறுகலாக இருந்தால் கடுங்குளிர் வருமாம். உண்மையில் அந்தப் பட்டையின் அகலம் பூச்சியின் வயதையும், அது வளர்ந்தபோது இருந்த ஈரத்தையும் காட்டுகிறது. வரப்போகும் குளிர் அதற்குத் தெரியாது.

ஆனாலும் கொண்டாட்டம் அருமையானது. வட கரோலினாவின் பேனர் எல்க் ஊரில் அக்டோபரில், செங்குத்தாகக் கட்டிய நூல்களில் கம்பளிப்பூச்சிகளை ஏறவிட்டுப் பந்தயம் நடத்துகிறார்கள். தொடக்கூடாது, ஊதலாம், கூச்சல் போடலாம். பாதி வழியில் திரும்பி இறங்கும் பூச்சியைப் பார்த்துக் கூட்டமே கத்தும். வென்ற பூச்சியின் உடல் வளையங்களை எண்ணி, குளிர்காலத்தின் வாரங்களைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பூச்சியின் உடம்பே பெரிய அதிசயம். குளிரில் அது உறைந்து, வசந்தத்தில் உருகி, மறுபடி நடக்கத் தொடங்கும். அதனால் இலைக்குவியலில் சுருண்டு கிடந்தால் வீட்டுக்குள் கொண்டுவந்து சூடு காட்டாதீர்கள்.

சம இரவு நாளில் மட்டும் முட்டை நிமிர்ந்து நிற்குமாம். சரியா?

பொறுமை இருந்தால் எந்த நாளும் நிற்கும். ஓட்டில் இருக்கும் நுண்ணிய மேடுகள் மூன்று காலாகத் தாங்கும். சொரசொரப்பான ஓடுள்ள முட்டையாகத் தேடுங்கள். அந்த நாளின் உண்மையான விசேஷம் வேறு. சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். பெயர்தான் சம இரவு, பகல் சில நிமிடம் கூடுதலாகவே இருக்கும். காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போதே சூரியன் நமக்குத் தெரிந்துவிடுகிறது. பூமியின் வட பாதியில் இலையுதிர் காலச் சம இரவு பெரும்பாலும் செப்டம்பர் 22 அல்லது 23. தென் பாதியில் இலையுதிர் காலம் மார்ச்சில் தொடங்கும்.

பிள்ளை, நடக்கிற வழியில் ஓக் மரத்தடியில் வைக்கோல் காளான் மாதிரியே முளைத்திருக்கிறது. சமைக்கலாமா?

ஐயா, தயவுசெய்து வேண்டாம். டெத் கேப் என்ற கொலைகாரக் காளான் ஓக் மரத்தடியில்தான் அதிகம் முளைக்கும். முட்டைப் பருவத்தில் அது வைக்கோல் காளானைப் போலவே இருக்கும். ஆசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறியவர்கள் இப்படி நினைத்துச் சாப்பிட்டு இறந்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ருசியும் கெட்டதாக இராது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கும் மேல் ஒன்றும் தெரியாது, அப்புறம் வாந்தியும் வயிற்றுப்போக்கும். பிறகு தேறியதுபோல் இருக்கும், அந்த நேரத்தில் ஈரல் சிதைந்துகொண்டிருக்கும். யாராவது சாப்பிட்டுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், மீதிக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். செல்போன் செயலியில் படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. இந்த ஒரு பதிலை மட்டும் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அணில் நான் நட்ட டியூலிப் கிழங்குகளை எல்லாம் தோண்டிவிடுகிறது. வழி சொல்லுங்கள்.

நட்டதும் மேலே கோழிவலைக் கம்பியைப் பரப்பி, அதன்மேல் மண்ணைப் போடுங்கள். தளிர் கம்பி ஓட்டை வழியே வந்துவிடும். கிழங்கின் மேல்தோல் துணுக்குகளை மண்ணில் விடாதீர்கள், அந்த வாசனைதான் காட்டிக்கொடுக்கும். அல்லது டாஃபடில் நடுங்கள், அது நஞ்சு என்பதால் அணில் சீண்டாது.

கோபம் தணிய ஒரு செய்தி. சாம்பல் அணில், வேறு அணில் பார்க்கிறது என்று தெரிந்தால், கொட்டையைப் புதைப்பதுபோல் குழி தோண்டி மூடி, வாயிலேயே வைத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகும். வெள்ளை ஓக் கொட்டை இலையுதிர் காலத்திலேயே முளைத்துவிடும் என்பதால், அதைப் பெரும்பாலும் உடனே தின்றுவிடும். புதைக்க நேர்ந்தால் முளைக்கருவைக் கடித்துத் துப்பிவிட்டுப் புதைக்கும். சிவப்பு ஓக் கொட்டை வசந்தத்தில்தான் முளைக்கும், அதை அப்படியே சேமிக்கும்.

இலையைக் கூட்டிக் கூட்டி முதுகு ஒடிகிறது. கூட்டாமல் விடலாமா?

நடைபாதை, படிக்கட்டு, கூரைத் தண்ணீர்க் குழாய், இந்த மூன்றையும் விடாமல் சுத்தம் செய்யுங்கள். ஈர இலை அவ்வளவு வழுக்கும். பிரிட்டனில் தண்டவாளத்து இலைகள் சக்கரத்தில் நசுங்கி வழுக்குப் படலமாக ஒட்டிக்கொள்ள, அதைக் கழுவுவதற்கென்றே தண்ணீர் பீய்ச்சும் தனி ரயில்கள் ஓடுகின்றன.

புல்தரையில் மெல்லிதாகக் கிடந்தால் காய்ந்த நாளில் புல்வெட்டியை மேலே ஓட்டுங்கள், பொடியாகி உரமாகிவிடும். கனமாகக் கிடந்தால் அள்ளிச் செடிகளின் அடியில் பரப்புங்கள், தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். மிச்சத்தை நனைத்து, ஓட்டை போட்ட பையில் கட்டி ஒரு மூலையில் வையுங்கள். ஓரிரு வருடத்தில் கறுத்த, மணமான இலைமக்கு கிடைக்கும். நெருப்பு வைப்பதாக இருந்தால் குவியலை இடம் மாற்றிவிட்டு வையுங்கள், உள்ளே முள்ளெலி தூங்கலாம்.

இந்தப் பருவத்தில் கார் ஓட்டுபவர்களுக்கு ஏதாவது?

மூன்று சொல்கிறேன். வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயர் காற்று சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். காய்ந்த இலைக்குவியல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், அடியில் இருக்கும் சூட்டில் பற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது மான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இணைசேரும் காலம், கண்மண் தெரியாமல் சாலையில் பாயும். கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததும், வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் மான் நடமாடும் மாலை நேரமும் ஒன்றாகிவிடும். ஐரோப்பாவில் அது அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா, கனடாவின் பெரும்பாலான இடங்களில் நவம்பர் முதல் ஞாயிறு. அந்த வாரம் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மான் கடந்துவிட்டால் உடனே வேகம் எடுக்காதீர்கள், பின்னால் இன்னொன்று வரும். குறுக்கே வந்தே விட்டால் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். மரத்திலோ எதிர்வண்டியிலோ மோதுவதுதான் உயிரை எடுக்கிறது.