கூட்டினால் 6, வலப்பக்கம் 1

கேள்வி: வயது 58. ஹீமோகுளோபின் 9.4 ஆகக் குறைந்திருந்ததால் கொலனொஸ்கோபி (பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். குடல் சுத்தத்துக்குச் செயற்கை நுண்ணறிவு 6 புள்ளி போட்டிருக்கிறது. வலப்பக்கத்துக்கு மட்டும் 1. கட்டி எதுவும் காணவில்லை என்கிறார்கள், ஆனால் திரும்பச் செய்யவும் சொல்கிறார்கள். எதையோ மறைக்கிறார்களா? வயிற்றில் இரைச்சலும் வாயுவும் உண்டு. பாமசியில் இரும்புச்சத்துக் குளிசை வாங்கிப் போடுகிறேன்.
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: யாரும் எதையும் மறைக்கவில்லை, ஐயா. இரைச்சலையும் வாயுவையும் விடுங்கள். அந்தப் புள்ளி புற்றுநோய்க்குப் போட்டதும் அல்ல. கழுவி உறிஞ்சிய பிறகு குடல் சுவர் எவ்வளவு தெரிந்தது என்பதற்குப் போட்டது. பாஸ்டன் அளவுகோலில் வலம், நடு, இடம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. முன்பு நாங்களே கண்மதிப்பில் போடுவோம், சில வேளை கொஞ்சம் தாராளமாகவே. கணினி படம் படமாகப் பார்த்துப் போடுகிறது. அதற்குத் தாட்சண்யம் கிடையாது. 1, 2, 3 கூட்டினால் 6தான். ஆனால் எந்தப் பகுதியும் 2க்குக் குறையக் கூடாது. உங்கள் வலப்பக்கத்தில் சில இடங்களை மலம் மறைத்துவிட்டது. அங்கே ஒன்றுமில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

எனக்குக் கவலை அந்த 9.4தான். இந்த வயது ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால் குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். வலப்பக்கம் அகலமானது, அங்கே மலமும் இளக்கமாக இருக்கும். கட்டி வளர்ந்தாலும் பெரும்பாலும் அடைக்காது, வலிக்காது, கண்ணுக்குத் தெரிய இரத்தமும் போகாது. நீங்களாகப் போடும் குளிசை அந்த 9.4ஐ உயர்த்திக் காட்டும், காரணம் அப்படியே கிடக்கும். போதாததற்கு மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் அப்ப வைக்கும். டொக்டரிடம் சொல்லிவிட்டு, பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள்.

இந்த மாதமே நாள் எடுங்கள். தலைச்சுற்றோ மூச்சுவாங்கலோ வந்தால் அந்த நாளுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று நாள் முன்பிருந்தே குரக்கன், சிவப்பரிசி, கீரை, கொய்யா வேண்டாம். வெள்ளைப் பாணும் வெள்ளைச் சோறும் போதும். பேதி மருந்தில் பாதி முந்தின நாள் மாலை, மீதி பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பு. காலி வீதி டிராபிக்கில் வயிற்றைக் கலக்குமே என்று பயந்து பலர் விடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான். இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கி வலப்பக்கத்தில் படிவதைக் கழுவுவதும் அதுதான். விடியப் புறத்தில் எழும்பிக் குடியுங்கள். கடைசியில் மஞ்சள் தண்ணீராகத் தெளிந்து போகவேண்டும். சீனி வருத்தத்துக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவரானால், அதை என்ன செய்வதென்று கிளினிக்கில் கேளுங்கள், இணையத்தில் அல்ல.