சர்வலோகம் என்றால் எவ்வளவு?

கேள்வி: எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு வந்த போதகர், இயேசு எல்லாருக்காகவும் மரிக்கவில்லை, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமே மரித்தார், இதை ஒத்துக்கொள்ளாதவனுக்குப் பாவநிவிர்த்தி என்றால் என்னவென்றே தெரியாது என்று அடித்துச் சொன்னார். 1 யோவான் 2:2-ல் 'சர்வலோகத்தின் பாவங்களையும்' என்றிருக்கிறதே என்று கேட்டேன். 'சர்வலோகம் என்றால் எல்லா ஜாதியிலிருந்தும் சிலர்' என்கிறார். யார் சொல்வது சரி, ஐயா?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: சகோதரரே, நீங்கள் கேட்டது சரியான வசனம். அவர் சொன்னதுதான் பாதி.

இந்த உபதேசம் அவராக யோசித்தது அல்ல. 1610-ல் நெதர்லாந்தில் அர்மினியுஸ் என்ற இறையியலாளரின் வழிவந்தவர்கள் (அவர் முந்தைய வருஷமே இறந்துவிட்டார்), கிறிஸ்து எல்லா மனுஷருக்காகவும் மரித்தார், ஆனால் விசுவாசிக்கிறவனே அதன் பலனை அடைவான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை மறுக்கத்தான் 1618-19-ல் டோர்ட் சினாட் (டோர்ட் நகரில் கூடிய திருச்சபை மாமன்றம்) மாதக்கணக்கில் உட்கார்ந்தது. அந்தத் தீர்மானத்தின் இரண்டாம் பகுதியைப் படித்துப் பாருங்கள். தேவகுமாரனுடைய மரணம் அளவற்ற மதிப்புள்ளது, முழு உலகத்தின் பாவங்களையும் நிவிர்த்தி செய்யத் தாராளமாகப் போதும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆக, போதுமா என்பதில் சண்டையே இல்லை, யாரை மனதில் வைத்து என்பதில்தான். உங்கள் போதகர் இந்த வரியை விழுங்கிவிட்டார்.

அவர் தரப்பின் பலமான வாதத்தை 17-ம் நூற்றாண்டு ஆங்கிலேய பியூரிட்டன் (சபையைச் சீர்திருத்த நினைத்த பிரிவினர்) போதகர் ஜான் ஓவனிடம் பார்க்கலாம். கிறிஸ்து எல்லாருடைய எல்லாப் பாவத்துக்கும் தண்டனையைச் சுமந்துவிட்டார் என்றால், நம்பாமல் போனதும் பாவம்தானே, அதற்கும் சேர்த்துத்தானே சுமந்திருப்பார், பிறகு நம்பாதவன் ஏன் தண்டிக்கப்படுகிறான்? நல்ல கேள்வி, சட்டென்று பதில் வராது. ஆனால் இது முழுக்க வட்டிக்கடைக் கணக்கு. உங்கள் அண்ணன் அசலும் வட்டியும் கட்டி ரசீது வாங்கிவிட்டால், நீங்கள் அவரோடு பேசாமல் இருந்தாலும் கடன் தீர்ந்ததுதான், அதே கடனை இன்னொரு தடவை வசூலிக்க முடியாது. சரி, பாவநிவிர்த்தி என்பது அந்த மாதிரி ரசீதுதானா? யாருக்காக என்று கேட்பதற்கு முன்னால் இதையல்லவா கேட்க வேண்டும்?

லேவியராகமம் 16-ஐத் திறந்து வையுங்கள். வருஷத்துக்கு ஒரு நாள், பாவநிவிர்த்தி நாள். பிரதான ஆசாரியன் ஆரோன் தன் வழக்கமான அலங்கார உடையைக் கழற்றிவிட்டு வெறும் சணல்நூல் வஸ்திரத்தோடு நிற்கிறான், எதிரே இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், சீட்டுப் போடுகிறான். ஒன்றைக் கொன்று அதன் இரத்தத்தைத் திரைக்குள்ளே கொண்டுபோய், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் தெளிக்கிறான். மற்றதன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, ஓர் ஆளிடம் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். அதுதான் போக்காடு. (ரோமர் 3:25-ல் 'கிருபாதாரபலி' என்று நாம் வாசிக்கிற கிரேக்கச் சொல் எபிரெயர் 9:5-ல் 'கிருபாசனம்' என்றே வருகிறது. தமிழில் இரண்டு சொல்லாகிவிட்டதால் நாம் கவனிப்பதில்லை.) இதெல்லாம் யாருக்காக? சபையார் அனைவருக்காகவும் என்று 17-ம் வசனமும் 33-ம் வசனமும் சொல்கின்றன. அப்புறம் அதே புத்தகத்தில் 23:29-க்குப் போங்கள்: அந்த நாளில் தன்னைத் தாழ்மைப்படுத்தாதவன் ஜனத்தாரிலிருந்து அறுப்புண்டுபோவான். அவனுக்காகவும்தான் இரத்தம் தெளிக்கப்பட்டது, ஆனாலும் அவன் வெளியே. ரசீதுக் கணக்கில் இவனை எங்கே வைப்பது?

'ஆடுகளுக்காக என் ஜீவனைக் கொடுக்கிறேன்', 'சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தார்' போன்ற வசனங்களையும் உங்கள் போதகர் எடுத்துக் காட்டுவார். காட்டட்டும். கலாத்தியர் 2:20-ல் பவுல் 'எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த' என்கிறார், அதற்காகக் கிறிஸ்து பவுல் ஒருவருக்காக மட்டும் மரித்தார் என்று யாராவது சொல்வார்களா?

மறுபக்கத்துக்கும் ஒரு வார்த்தை. எல்லாருக்காகவும் மரித்தார் என்றால் எல்லாரும் தானாகக் கரையேறிவிட்டார்கள் என்று ஆகாது. 2 கொரிந்தியர் 5-ல் தேவன் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று எழுதிய கையோடு, அடுத்த வசனத்திலேயே 'தேவனோடே ஒப்புரவாகுங்கள்' என்று பவுல் கெஞ்சுகிறார். ரசீது கைக்கு வந்தவனிடம் யாரும் கெஞ்சமாட்டார்கள். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும், அவர் தம் பக்கத்தை முடித்துவிட்டார்.

நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரராக இருந்தால் இன்னொன்று. 1947-ல் ஒன்றாகச் சேர்ந்தவர்களில் ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்டு, பிரஸ்பிட்டேரியர் மூவரும் இருந்தார்கள். ஆங்கிலிக்கரின் 31-ம் பிரமாணம் கிறிஸ்துவின் பலி முழு உலகத்தின் எல்லாப் பாவங்களுக்கும் என்று சொல்கிறது, மெத்தடிஸ்டுகள் எல்லாருக்காகவும் மரித்தார் என்று போதித்த வெஸ்லியின் வழி, பிரஸ்பிட்டேரியரின் மூதாதையரோ டோர்ட் பக்கம். அவர்கள் ஒரே பந்தியில் உட்கார முடிந்தது. உங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு போதகர் மற்றவர்களை 'அர்த்தம் தெரியாதவன்' என்கிறார்.

அவர் மறுபடி வந்தால், நீங்கள் காட்டிய அதே 1 யோவான் நிருபத்தில் 5:19-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். 'உலகமுழுவதும் பொல்லாங்கனுக்குள் கிடக்கிறது' என்று அதே யோவான் எழுதுகிறார், கிரேக்கத்திலும் 2:2-ல் உள்ள அதே இரண்டு சொற்கள்தான். அங்கேயும் 'எல்லா ஜாதியிலிருந்தும் சிலர்' என்றுதான் அர்த்தமா என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.