அழுதா சிம்பதி கேம்ணு சொல்லுற பிள்ளை: பிக் பாஸ நிறுத்தணுமா?

கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. மகளுக்கு 13 வயசு, வீட்ல எல்லாருமா உக்காந்து ராத்திரி பிக் பாஸ் பாக்குறது பழக்கம். போன வாரம் அடுத்த வீட்டு அக்கா வீட்டுக்காரர் கூட சண்டை போட்டுட்டு இவங்க திண்ணையில வந்து உக்காந்து அழுதிருக்காங்க. அவங்க போனதும் பிள்ள சொல்லுதாம், "அம்மா இது சிம்பதி கேம், குறும்படம் போட்டா தெரியும் யாரு மேல தப்புண்ணு." (சிம்பதி கேம்ணா அழுது இரக்கத்த சம்பாதிக்கது, குறும்படம்ணா நடந்தத திரும்ப போட்டு காட்டுற வீடியோ, ரெண்டும் பிக் பாஸ் பாஷை.) எனக்க மோளுக்கு மனசுல ஈரமே இல்லையா, டிவிய நிறுத்தவாண்ணு கேக்காங்க.

பயப்படாதீங்க அக்கா. நாகர்கோவில்ல கவுன்சிலிங் பாக்குற நானே ஒரு சீசன ஒரு நாள் விடாம பாத்தவதான், அப்போ ஒரு நாள் எனக்க முன்னால ஒருத்தங்க அழுதுட்டு இருக்கும்போது "இவங்க யாருக்காக அழுறாங்க"ண்ணு ஒரு செகண்ட் மனசுல ஓடிச்சு பாருங்க, சவம், எனக்கே வெக்கமா போச்சு. அதனால பிள்ளைய மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன்.

இது எங்க இருந்து வருதுண்ணா, சினிமாவுல வில்லன் நடிக்காருண்ணு நமக்கு தெரியும், இங்க "இதுதான் அவரு உண்மையான குணம்"ணு சொல்லி காட்டுறாங்க. பத்துப் பதினஞ்சு பேரு 24 மணி நேரம் இருந்தத ஒரு மணி நேரமா வெட்டித்தான் ராத்திரி எபிசோடு வருது. ஒருத்தன் டீ டம்ளர டொக்குண்ணு வைக்கான்னு வைங்க. அதுக்கு முன்னால ரெண்டு மணி நேரம் அவன நாலு பேரு நோண்டினது போயிரும், வேற எப்பவோ ஒருத்தி முகம் சுளிச்சத பக்கத்துல ஒட்டி, அடியில ஒரு திகில் மியூசிக் போட்டா ஆளு திமிர் பிடிச்சவன், முடிஞ்சுது. ஒருத்தர் செஞ்சதுக்கு சூழ்நிலைய விட்டுட்டு குணத்த மட்டும் காரணமா பாக்குற இந்த புத்திக்கு லீ ராஸ்ணு ஒரு சைக்காலஜிஸ்ட் 1977லயே பேரு வச்சாரு, அது நம்ம எல்லார் கிட்டயும் கொஞ்சம் இருக்கு, எடிட்டிங் அதுக்கு எண்ணெய் ஊத்துது.

இத விட பெருசு எனக்கு தோணுறது, யாரு இருக்கணும் யாரு போகணும்ணு பாக்குறவங்க போடுற அந்த ஓட்டு. ஒருத்தர பிடிக்கலண்ணு முடிவு பண்ணிட்டா அவரு அழும்போது நமக்கு வருத்தம் வராது, நல்லா வேணும்ணுதான் வரும். தினமும் ஒரு மணி நேரம் ஜட்ஜ் சீட்ல உக்காந்து பழகின பிள்ளைக்கு திண்ணையில அழுறவங்களும் நாமினேஷன்ல, அதாவது வெளிய அனுப்புற லிஸ்ட்ல, நிக்கிற ஆளாத்தான் தெரியும். ஒரு அமெரிக்க ஆராய்ச்சியில சண்டையும் புறணியுமா உள்ள ரியாலிட்டி ஷோ பாத்தவங்க, பாத்து முடிச்ச உடனே வச்ச ஒரு போட்டியில, தோக்குற எதிராளி காதுல எவ்வளவு சத்தம் விடணும்ணு முடிவு பண்ணச் சொன்னப்போ, கூடுதல் சத்தம் விட்டிருக்காங்க, அன்பா இருக்குற குடும்பங்கள காட்டின ரியாலிட்டி ஷோ பாத்தவங்க அந்த அளவுக்கு விடல. அப்போ ரியாலிட்டி ஷோ எல்லாமே ஒண்ணு இல்ல, பாட்டுப் போட்டி பாக்குறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் உண்டு. அதுவும் பாத்த கையோட அளந்தது, ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்ணு அர்த்தம் இல்ல கேட்டியளா.

ஆனா விளையாட்டுண்ணு விட்டுரவும் முடியாது. ஜப்பான்ல டெரஸ் ஹவுஸ்ணு ஒரு ஷோவுல இருந்த ஹனா கிமுரா, மல்யுத்த வீராங்கனை, ஒரு எபிசோடுல கோவப்பட்டத பாத்துட்டு ஆளுங்க ஆன்லைன்ல அவ்வளவு வெறுப்ப கொட்டினாங்க, 2020 மே மாசம் 22 வயசுல உயிர மாய்ச்சுகிட்டா. அவமதிப்பு சட்டத்தையே 2022ல அங்க கடுமையாக்கினாங்க. திட்டி டைப் பண்ணினவங்க பாதி பேருக்கு அது நெசமான ஒரு பிள்ளைண்ணு தோணியிருக்காதுண்ணுதான் நான் நெனைக்கேன்.

இப்போ நீங்க கேட்டதுக்கு வாறேன். நிறுத்தாதீங்க, நிறுத்தினா போன்ல மீம்ஸா பாப்பா, அது இன்னும் மோசம், அதுல ஒரு மணி நேரம் கூட கிடையாது, பத்து செகண்ட்தான். கூட உக்காந்து பாருங்க, ஒரு கண்டிஷன், எபிசோடு ஓடும்போது யாரும் தீர்ப்பு சொல்லாண்டாம், அப்பாவும் சேத்துதான் (பெரும்பாலும் மொத தீர்ப்பு அவரு வாயில இருந்துதான் வரும்). பிரேக்குல "இதுக்கு முன்னால என்ன நடந்திருக்கும்"ணு மட்டும் கேளுங்க. அவ தப்பா சொன்னாலும் சரி.

இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை வீட்டுல நடக்குற சண்டைய, மீன் கறியில புளி கூடிப்போச்சுண்ணு வருமே அது போதும், அவ கிட்ட போன குடுத்து எடுக்கச் சொல்லுங்க. பிறகு அவளையே அத முப்பது செகண்டா வெட்டி உங்கள வில்லியா காட்டச் சொல்லுங்க. சிரிச்சுகிட்டேதான் செய்வா, ஆனா அம்மா சொன்ன ஒரு வரிய வெட்டினா கதையே மாறுறத அவ கையால பாப்பா. எனக்க கிட்ட வந்த ஒரு பையன் இத செஞ்சுட்டு ரெண்டு நாள் அவங்க அப்பாவ குறும்படம்ணு சொல்லிட்டு திரிஞ்சான், அது வேற கதை. வீடியோவ வீட்டோட அழிச்சிருங்க, ஸ்டேட்டஸ்ல போட்டிராண்டாம்.

அடுத்த வீட்டு அக்கா விஷயத்துல பிள்ளைக்கு உபதேசம் ஒண்ணும் பண்ணாதீங்க. மரச்சீனி அவிச்சா ஒரு தட்டுல கொஞ்சம் மீன் கறியும் வச்சு அவ கையில குடுத்து விடுங்க, என்ன ஏதுண்ணு கேக்காண்டாம், அவங்க சாப்பிட்டு தட்டு தர்ற வரைக்கும் அங்க இருந்துட்டு வாண்ணு சொல்லுங்க, போன் மட்டும் வீட்ல இருக்கட்டும்.