கேரளத்தில் வர்க்கலா கடற்கரைப் பக்கம் ஆயிரம் ரூபாய்க்குள் சின்ன ஹோட்டலில் பெரியவர்களோடு தங்கலாமா?

தங்கலாம். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கியிருக்கிறேன். 2024 ஆவணி, இரண்டு இரவு, ஒரு இரவுக்கு 900 ரூபாய்.

பெரியவர்களோடு போகிறோம், பட்ஜெட் ஆயிரத்துக்குள்தான், அந்த வாடகைக்கு அறை மோசமாக இருக்குமா, பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாராவது "அந்த வாடகைக்கெல்லாம் தங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்று சொல்லியிருப்பார்கள், அதில் மனசு குழம்பித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் சொன்னார்கள். போவதற்கு முன்னாலும் சொன்னார்கள், போய்விட்டு வந்த பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் வைத்தும் சொன்னார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யாரிடமும் காசு வாங்கிக்கொண்டு எழுதவில்லை. அப்படி ஒரு பேச்சு வரக்கூடாது என்றே நாங்கள் தங்கிய இடத்தின் பெயரை இதில் எங்கேயும் சொல்லப் போவதில்லை. சின்ன ஹோட்டல் எல்லாமே நல்லது என்றும் நான் சொல்லவில்லை, அதே ஊரில் அதே காலையில் மோசமான ஒன்றையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வர்க்கலாவுக்கு ஏன் போனோம் என்றால், அப்பா கொல்லத்தில் ஒரு முந்திரி ஆலையில் பதினொரு வருஷம் கணக்கு எழுதினார். நாங்கள் மதுரையில், அவர் அங்கே. ஞாயிற்றுக்கிழமை லீவு. ரயிலேறினால் அரைமணி நேரத்தில் வர்க்கலா. சிவகிரியில் நாராயண குரு சமாதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் பாபநாசம் கடற்கரைக்குப் போவாராம். ஊருக்கு வரும்போதெல்லாம் "ஒரு தடவை உங்களைக் கூட்டிட்டுப் போகணும்" என்பார். கடைசிவரை கூட்டிக்கொண்டு போகவில்லை. தலைத்திவசம் வந்தபோது அம்மா வேறு எதுவுமே கேட்கவில்லை, அந்தக் கடற்கரையில் வைத்துச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார். நம் பக்கம் தாமிரபரணிக் கரையில் ஒரு பாபநாசம், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பாபநாசம் இருக்கிறதே, அவை வேறு. இது கடற்கரை, மேலே ஜனார்த்தன சுவாமி கோயில், கீழே மணலில் வருஷம் முழுவதும் பலி தர்ப்பணம் நடக்கிறது. இறந்தவர்களுக்குப் பிண்டம் வைத்துத் திதி கொடுப்பதைத்தான் அங்கே பலியிடுவது என்கிறார்கள்.

மதுரையிலிருந்து புனலூர் போகிற ரயில் இரவில் கிளம்பி நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாகக் காலையில் வர்க்கலா சிவகிரி ஸ்டேஷனில் இறக்கிவிடும். அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோதான். நான் செய்த தப்பு, போனில் ஒரு ஆப்பில் படத்தைப் பார்த்து 1,050 ரூபாய்க்கு ஒரு அறையை முன்பதிவு செய்தது. "கடற்கரைக்கு மிக அருகில், கடல் தெரியும் அறை" என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை, கடல் தெரியும். ஆனால் வர்க்கலாவில் கடலுக்கும் ஊருக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு செம்புரைக்கல் குன்று நிற்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிற குன்று அது. கடைகள், உணவகங்கள், அறைகள் எல்லாம் அதன் உச்சியில், நார்த் கிளிஃப் என்கிற பகுதியில் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து மணலுக்கு இறங்க வேண்டுமானால் செங்குத்தான படிகள். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்தது. ஹெலிபேட் பக்கம் ஆட்டோ நின்றுவிட்டது, அதற்கு மேல் விளிம்பை ஒட்டிய நடைபாதைதான், பையையும் தூக்கிக்கொண்டு அம்மா கையையும் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், வரவேற்பில் இருந்த பையன் "ஆப் புக்கிங் எங்களுக்கு வரவில்லை, வேண்டுமானால் நேரடியாக எடுத்துக்கொள்ளுங்கள், 1,800, வரி தனி" என்கிறான்.

நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். வரி என்று சொன்னதும் ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் தருவீர்களா என்று கேட்டேன். பில் எல்லாம் கிடையாது என்றான். நீங்களும் இதைக் கேட்டுப் பழகுங்கள். அப்போது அறைக்கு வரி 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22-இலிருந்து 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம்தான். வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ள சின்ன விடுதிக்காரர் பொதுவாக ஜிஎஸ்டியில் பதிவே செய்ய வேண்டியதில்லை, பதிவு செய்யாதவர் நேரில் வருகிறவரிடம் வரி என்று சொல்லி ஒரு பைசா வாங்கக் கூடாது. பதிவு செய்தவர் என்றால் நம்பர் இருக்கும், பில் தருவார். 1,800 கொடுக்க முடியாது என்று இல்லை, கையில் இருந்தது. பில் இல்லாமல் வரி கேட்டவரிடம் அப்பாவின் காரியத்துக்கு வந்த இடத்தில் பணம் கொடுக்க மனசு வரவில்லை. ஆப்பில் கட்டிய முன்பணம் திரும்பி வர பத்தொன்பது நாள் ஆயிற்று.

திரும்பி நடந்து வந்தால் அந்த ஆட்டோக்காரச் சேட்டன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா நடையைப் பார்த்துவிட்டு "அம்மய்க்கு நடக்கான் வய்யல்லோ" என்றார், அம்மாவால் நடக்க முடியவில்லையே என்று. விஷயத்தைச் சொன்னதும், பலியிட வந்தவர்கள் ஏன் மேலே தங்குகிறீர்கள், கோயில் பக்கம் தங்கினால் கடற்கரை வரை ரோடு போகிறதே, படியே வேண்டாமே என்றார். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான விஷயம். குன்றின் தெற்கு முனையில், பாபநாசம் பக்கம், வண்டி கடற்கரை வரைக்கும் இறங்கும். பெரியவர்களோடு போகிறவர்கள் அந்தப் பக்கம்தான் அறை பார்க்க வேண்டும். கடல் தெரியாது. தென்னை மரமும் பக்கத்து வீட்டுக் கிணறும்தான் தெரியும். பரவாயில்லை, நடந்து போய்க் கடலைப் பார்க்கலாமே.

அவர் கொண்டுபோய் விட்டது ஒரு வீடு, மாடியில் மூன்றும் கீழே இரண்டுமாக ஐந்து அறை. வெளியே சின்னதாக ஒரு போர்டு. நடத்துகிறவர் ஒரு சேச்சி, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சாவியைக் கையில் கொடுத்து "போய்ப் பார்த்துட்டு வா" என்றார். கீழ் அறை. சிமெண்ட் தரை, இரண்டு கட்டில், துவைத்து வெளுத்துப்போன விரிப்பு, மின்விசிறி, கொசுவலை. ஏசி இல்லை, டிவி இல்லை. ஜன்னல் கொக்கி உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துபோய், அந்த இடத்தில் கயிற்றை முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டியிருந்தார்கள். அந்த ஊரில் இரும்பு எதுவுமே தாங்காது, அதைப் பார்த்து அறை அழுக்கு என்று முடிவு செய்யாதீர்கள், விரிப்பையும் கழிவறையையும் பாருங்கள். இரண்டும் சுத்தமாக இருந்தன. ஈரத்துணி மட்டும் இரண்டு நாளும் காயவே இல்லை, மாற்றுத் துண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள்.

நான் பணம் எடுத்துக்கொண்டு வருவதற்குள் சேச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்குள் போனார். எதற்கு என்று புரியவில்லை. குளியலறையில் வாளிக்குப் பக்கத்தில் போட்டு, கையால் அழுத்தி ஆடுகிறதா என்று பார்த்து, ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றதும் இடத்தை மாற்றிப் போட்டு மறுபடியும் அழுத்திப் பார்த்தார். அம்மா உட்கார்ந்து குளிக்க. நாங்கள் யாரும் கேட்கவில்லை. மதுரையில் எங்கள் சொந்தக் குளியலறையில் எனக்கு அதுவரை அந்த யோசனை வந்ததில்லை.

அப்புறம் "நாளெ பலியிடானாணோ?", நாளைக்குப் பலியிடவா வந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியென்றால் இன்று ஒரிக்கல் அல்லவா என்றார். பலியிடுவதற்கு முந்தின நாள் ஒரே ஒரு வேளைதான் அரிசிச் சோறு, மீன் இறைச்சி கிடையாது, அதற்குத்தான் அந்தப் பேர். மதியம் ஒரு சோறு, பருப்பு, தோரன் என்கிற தேங்காய்ப் பொரியல் ஒன்று. இரவு கோதுமை தோசையும் அவித்த நேந்திரம்பழமும் கொண்டுவந்து வைத்தார். அம்மா சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்று தெரிந்ததும் பழத்தில் பாதியை எடுத்துவிட்டு இன்னொரு தோசை வைத்தார். பெரிய ஹோட்டலில் இதையெல்லாம் கேட்டு வாங்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. கேட்காமலே நடந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை. காரணம் வேறு. எங்கள் வீட்டில் நானும் தங்கையும்தான். தலைத்திவசத்தைச் சித்தப்பா மகன் செய்வதாக இருந்தது. பெண்பிள்ளை கொடுத்தால் போய்ச் சேராது என்றார் சித்தப்பா. ராமேஸ்வரத்தில் ஏசி ரூமாக நாலு எடுத்து, அவர் வீட்டு ஆட்கள் பதினோரு பேரும் வந்து, 38,000 ரூபாய் ஆகும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். முழுவதும் அம்மா கணக்கில். ஹோட்டல் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரிகிறது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா நாற்பத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அதில் இரண்டு நாள் வந்தவர்தான் அவர். இரவெல்லாம் அப்பா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது நானும் தங்கையும். மூத்திரப் பை மாற்றியது நாங்கள். அப்போது பெண்பிள்ளை என்று யாரும் தடுக்கவில்லை. வீட்டைப் பாகம் பிரிக்கிற பேச்சும் அந்தச் சீட்டோடு சேர்ந்தேதான் வந்தது, அதை இங்கே விரிக்க வேண்டாம்.

கேரளத்தில் பெண்களும் பலியிடுவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பினேன். இருந்தாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள், அங்கே உட்கார்ந்த பிறகு எழுந்திரு என்று சொல்லிவிட்டால் அம்மா தாங்குவாரா என்று பயம். காலையில் போனோம். குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த கர்மி, அதாவது சடங்கு செய்து வைக்கிறவர், என்னைப் பார்த்துக் கேட்டது இரண்டே விஷயம், அப்பாவின் பேர், நட்சத்திரம். அவ்வளவுதான். தர்ப்பை மோதிரத்தை விரலில் மாட்டிவிட்டு இலையை முன்னால் வைத்தார். எள், பூ, சந்தனம், சோற்று உருண்டை. எனக்கு இரண்டு பக்கமும் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. இலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போய்க் கடலில் விட்டு முங்கி எழுந்து, ஈரக்கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிட்டேன். தட்டி முடிக்கவில்லை, வந்துவிட்டது. பின்னால் நின்ற அம்மா "உங்கப்பா பசி தாங்கமாட்டாரு" என்றார். ஒரு வருஷத்தில் அப்பாவைப் பற்றி அம்மா அழாமல் பேசிய முதல் பேச்சு அது.

இதைத்தான் சித்தப்பா அந்தக் கல்யாணப் பந்தியில் "அண்ணனுக்குத் திதி குடுக்கப் போயி தொள்ளாயிரம் ரூவா லாட்ஜுல படுத்துட்டு வந்திருக்காளுக" என்று சொன்னது. பந்தியில் நான் பதில் சொல்லவில்லை. எங்களுக்கு மொத்தம் ஆன செலவு, ரயில், ஆட்டோ, அறை, சாப்பாடு, தட்சிணை எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். என் சம்பளத்தில் செய்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, உங்கள் விஷயம். தேதி முக்கியம். டிசம்பர், ஜனவரியில் ஆயிரத்துக்குள் கிடைப்பது கஷ்டம், அதிலும் டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை சிவகிரி தீர்த்தாடனம், அதாவது நாராயண குரு சமாதிக்கு வருகிற யாத்திரை, ஊரே நிறைந்துவிடும். கர்க்கடக வாவு, அதாவது நம் ஆடி அமாவாசை, அன்றும் அப்படித்தான். ஜூன், ஜூலையில் வாடகை இறங்கும், ஆனால் மழையும் அலையும் மணலை அரித்துக்கொண்டு போய்விடுகிற காலம் அது, குன்றின் விளிம்பும் சரியும், அந்த மாதங்களில் விளிம்பை ஒட்டிய அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். ஆப்பில் இடத்தைப் பாருங்கள், தப்பில்லை, ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: கீழ் அறை இருக்கிறதா, கடற்கரைக்குப் போகப் படி உண்டா, கழிவறை மேற்கத்திய மாதிரியா. போனை எடுத்துப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர் இடத்துக்குப் போங்கள். முடிந்தால் ஒரு இரவுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு, பிடித்திருந்தால் அடுத்த இரவுக்கு நீட்டித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நாங்கள் போயிருந்த அந்த 2024 ஆவணியிலேயே சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள், நான் முங்கி எழுந்த இடத்திலேயே முழங்காலுக்குக் கீழே மணல் இழுத்தது, லைஃப்கார்டு விசிலடித்துக்கொண்டே இருந்தார். சிவப்புக் கொடி இருந்தால் கணுக்கால் அளவுக்கு மேல் விடாதீர்கள், அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. ஆற்றில் நன்றாக நீந்துகிற பிள்ளையாக இருந்தாலும் இதே பதில்தான்.